சாப்பாட்டு ஜன்னலுக்கு நேரே

பிப்ரவரி 11

கடிதம் வந்துவிட்டது. எங்கள் ஃபேர்வியூ பங்களா, பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. மூன்று வருஷ அலைச்சலுக்கு மூன்று பத்தியில் ஒரு கடிதம். போகட்டும். நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஊரான் வீட்டுக்கெல்லாம் வரைபடம் சரிபார்த்தவன் நான். என் விலாசம் அரசாங்கப் புத்தகத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. வீடு இந்திராணியின் அப்பா வாங்கியது, இன்னமும் அவள் பெயரில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நவம்பரில் அதிகாரிகள் வந்து வாசல் தூணில் பித்தளைப் பலகை பதிப்பார்களாம். நம்மைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள் இனி யாரும் புதிதாக ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்ட முடியாது. இதை இந்திராணிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

"சமையல்கட்டு ஓடு ஒழுகுதே, அதை மாத்த விடுவாங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளுக்கு.

பிப்ரவரி 13

உறைபனியில் பீன்ஸ் கருகிவிட்டது. கோத்தகிரி போய் டீயில் நனைத்துத் தின்ன வர்க்கி வாங்கி வந்தேன். டீக்கடையில் கடிதத்தைக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகப் படித்தார்கள்.

போன வருஷம் இதே கடையில் வைத்துத்தான் எங்கள் கீழ்வீட்டுக் குணசீலன் சொன்னான்: "சாரோட பங்களாவைப் பட்டியல்ல சேக்குறாங்களோ இல்லியோ, சாரைச் சேத்துரலாமுங்க. அவரும் பழசுதான்." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 20

குணசீலனின் மனைவி சித்ரகலா வந்தாள். கையில் ஒரு முறம் அவரைக்காய். எங்கள் வேலிக்குக் கீழே, வெள்ளைக்காரன் காலத்துப் பட்லர் வீட்டில் இருக்கிறார்கள். அவனுடைய அப்பா வாங்கிப்போட்ட வீடு, பட்டா சுத்தமாக இருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி. அடியில் பூராவும் பாறை. கக்கூஸ் கீழே ஓடைப் பக்கம். முப்பத்தொரு படி இறங்க வேண்டும்.

குணசீலன் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். போன ஐப்பசி மழையில் வளைவில் ஜீப் உருண்டு, இடுப்பும் இரண்டு காலும் நொறுங்கிப்போயின. நிற்க முடியாது. கைகளில் மட்டும் பலம் இருக்கிறது. இவள் காலை ஏழு மணிக்குத் தேயிலை ஃபேக்டரிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருகிறாள். நடுவில் அவன் தனியாக இருக்கிறான்.

"காலையில அவுங்க தம்பி தனசேகர் வந்து தூக்கிட்டுப் போயிருவாருங்க சார். பகல்ல வந்தா அவரே உக்காந்து உக்காந்து படி இறங்குறாரு. உள்ளங்கையெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்குது" என்றாள். "வீட்டை ஒட்டி மேல கொஞ்சம் சமதரை இருக்குதுல்ல. அங்க ஒரு கக்கூஸ், குளிக்க ஒரு தடுப்பு. பத்துக்குப் பன்னண்டு போதும். பலகை போட்டா தள்ளுவண்டியில அவரே போயிக்குவாரு. ஆனா பர்மிசன் இல்லாம இங்க எதுவும் கட்டக் கூடாதுங்கறாங்க. உங்களுக்குத் தெரியாத சட்டமா சார்?"

அந்தச் சமதரை எங்கள் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் மேட்டுப்பாளையம் வரைக்கும் பள்ளத்தாக்கு தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் இந்திராணி, "சார் பாத்துப்பார் கலா. இதுக்குப் போய் அவரைக்காய் எதுக்கு?" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சொன்னேன்.

பிப்ரவரி 23

இந்திராணி ஞாயிற்றுச் சந்தைக்குப் போயிருந்தபோது அவள் அப்பாவின் தகர உருளையைத் திறந்தேன். பங்களாவின் மூல வரைபடம். துணியில் ஒட்டிய தாள், 1911 என்று போட்டிருக்கிறது. அந்தக் காலத்து வரைவாளன் கையைக் கும்பிடலாம், கோடு ஒவ்வொன்றும் மயிரிழை. பட்டியலுக்கு மனுப் போட்டபோது இதன் மேல்பாதியை மட்டும்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். கீழ்ப்பாதியை இன்றைக்குத்தான் சரியாகப் பார்க்கிறேன்.

பட்லர் வீட்டை ஒட்டி, அந்தச் சமதரையில், ஒரு சிறு சதுரம். உள்ளே குட்டி எழுத்தில் 'வேலைக்காரர் கழிப்பிடம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

எனக்கு விதி மனப்பாடம். புதிதாக எதுவும் கட்டக் கூடாது. ஆனால் ஏற்கெனவே கட்டடம் இருந்த இடத்தில், பழைய அடித்தளத்தின்மேல் எழுப்பிக்கொள்ள உள்ளூர் அலுவலகமே ஒரு வாரத்தில் அனுமதி தந்துவிடும். குழு, கூட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு சான்று போதும்.

தடியை எடுத்துக்கொண்டு கீழே போய் உன்னிப் புதரை விலக்கிப் பார்த்தேன். இருக்கிறது. செதுக்கிய கருங்கல், நாலு பக்கமும், ஒரு முழ உயரத்துக்கு.

"என்ன சார் தேடுறீங்க?" என்று குணசீலன் உள்ளே கட்டிலிலிருந்து கேட்டான்.

"பாம்புச் சட்டை தெரிஞ்சுது" என்றேன்.

பிப்ரவரி 24

உருளையைப் பரணில், பழைய மெத்தைக்குப் பின்னால் வைத்தேன். ரோஜாப் பாத்திக்கு விளிம்பு கட்டக் கல் வேண்டும்.

மார்ச் 2

தனசேகர் நல்ல உழைப்பாளி. "வரைபடம் போட்டுக் குடுக்கறதுக்கு எதுவும் வேணாம்பா. அந்தப் புதருக்குள்ள நாலு கல் கெடக்கு, அதைப் பேத்து என் ரோஜாப் பாத்திக்குக் கொண்டாந்து போட்டுடு. மனையும் சுத்தமாகும், ஆய்வுக்கு வர்றவங்க பாக்கறப்ப நல்லாயிருக்கும்" என்றேன். இரண்டு நாளில் வேர் வரைக்கும் பெயர்த்துவிட்டான். அறுபத்துநான்கு கல். குழியை மண் போட்டு மிதித்து மேலே புல்லும் பதித்தான். நான் சொல்லாமலே செய்தான்.

பாத்தி அழகாக இருக்கிறது. இந்திராணி, "கல்லெல்லாம் எங்கேருந்துங்க?" என்றாள். "கீழ சும்மா கெடந்துது" என்றேன்.

மார்ச் 9

குணசீலன் வீட்டுக்கு வரைபடம் போட்டு முடித்தேன். ஓய்வு பெற்றபின் நான் போட்டதிலேயே இதுதான் சிறந்தது. வடக்குக் குறி, சரிவின் அளவு, கழிவுக்குழி வெட்டுமுகம் எல்லாம் அச்சுப்போல வந்திருக்கின்றன. படிவத்தில் 'கட்டுமானத்தின் தன்மை' என்ற இடத்தில் 'புதிய கட்டுமானம்' என்று எழுதினேன். அங்கே இப்போது எதுவும் இல்லை. நான் எழுதியதில் பொய் என்று ஒரு எழுத்து கிடையாது.

கையெழுத்து வாங்கக் கீழே போனேன். குணசீலன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தான். அவன் முகம் பாதியாகிவிட்டது.

"நான் ஒரு தடவை டீக்கடையில உங்களைக் கிண்டல் பண்ணினேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

"எதைப்பா? எனக்கு ஞாபகமே இல்லியே" என்றேன்.

அவன் சிரித்தான். "இப்பல்லாம் கியரே போடறதில்லீங்க சார். படியில நியூட்ரல்லதான் இறங்குறேன். ஏறும்போதுதான் இன்ஜின் தூக்க மாட்டேங்குது."

சித்ரகலா கட்டாயப்படுத்தி ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். சர்க்கரை அதிகம்.

ஏப்ரல் 17

ஆய்வுக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். இருபத்தாறு வயதுகூட இருக்காது, கல்லூரியிலிருந்து நேராக வந்தவள் மாதிரி. பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு முதலில் செல்ஃபோனில் படம் எடுத்தாள். பிறகு நாடா பிடித்து அளந்தாள். பங்களாச் சுவரிலிருந்து இருபத்திரண்டு மீட்டர்.

வரைபடத்தைப் பார்த்து, "யார் சார் போட்டது? எங்க ஆபீஸ்ல இப்ப யாருக்கும் இப்படி வராது" என்றாள். உண்மையைச் சொன்னதற்காக அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. சித்ரகலா அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் பின்னாலேயே அலைந்தாள். குணசீலன் வாசல் நிலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் அவன் கால்களைப் பார்த்தாள், படிகளைப் பார்த்தாள்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், புதுசுன்னா குழுவுக்குப் போகும். கண்டிப்பா நிராகரிச்சுருவாங்க. இங்க முன்னாடி ஏதாவது கட்டடம் இருந்துச்சா? ஒரு செவுரு, ஒரு அஸ்திவாரம், பழைய போட்டோ, எதாயிருந்தாலும் சரி. நானே குறிப்பு எழுதி இங்கயே முடிச்சுக் குடுத்துருவேன். உங்களுக்குத்தான் தெரியும், நீங்கதான இங்க ரொம்ப நாளா இருக்கீங்க."

"காடுதான்மா இருந்துது" என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க சார்."

"முப்பது வருஷமா பாக்கறேன். உன்னிப்புதர்தான்."

அவள் எழுதிக்கொண்டாள். போகும்போது ரோஜாப் பாத்தி அருகே நின்று, பூ ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். இரண்டு ரோஜா பறித்துக் கொடுத்தேன்.

மே 6

சீசன் கூட்டம். கோத்தகிரியில் கார் நிறுத்த இடமில்லை. அலுவலகமெல்லாம் மலர்க் கண்காட்சி வேலையில் மும்முரம், இந்த மாதம் கோப்பு அசையாது என்று சித்ரகலாவிடம் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றாள்.

ஜூன் 14

பறவை பார்க்க வாங்கிய பைனாகுலரைத் துடைத்து ஜன்னலில் வைத்தேன். மழைக்கு முன் வரும் நீலக் குருவி இன்னும் வரவில்லை.

குணசீலன் இறங்க ஒன்பது நிமிடம். ஏற பதினேழு.

ஜூன் 15

இறங்க பத்து. ஏற இருபத்தொன்று. நடுவில் ஐந்தாம் படியில் ஒரு காட்டெருமை குறுக்கே நின்றது. அது நகரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அதைச் சேர்க்கவில்லை.

ஜூன் 19

"ஜன்னல்ல என்னத்தைங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் இந்திராணி.

"நீலக் குருவி."

அவளும் வந்து பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, பள்ளத்தாக்கு வெறும் பச்சையாகத்தான் தெரியுமாம். ஆனாலும் கொஞ்சநேரம் என் பக்கத்தில் நின்றாள்.

ஜூலை 8

சாரல். இந்திராணி கீழே போய் ரசம் கொடுத்துவிட்டு வந்து பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு சொன்னாள். குணசீலன் காலையில் ஒரு இட்லிக்குமேல் சாப்பிடுவதில்லையாம். மதியம் ஒன்றுமே கிடையாதாம். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் படி இறங்க வேண்டியதில்லை அல்லவா. "வாளி வெச்சுக்கச் சொன்னேன். 'பொண்டாட்டி ஃபேக்டரியில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து என் வாளியக் கழுவணுமா அம்மா'ங்கறான்" என்றாள்.

ஒரு மனிதனுக்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதுதான். முன்னாலேயே ஜீப் ஓட்டும்போது இருந்திருக்கலாம்.

"கோப்பு எங்கே நிக்குதுன்னு ஒரு ஃபோன் போட்டுக் கேக்கக் கூடாதா?" என்றாள். போட்டேன். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. அலுவலகத்தில் ஆறு மணிக்கு மேல் யார் இருப்பார்கள்?

ஆகஸ்ட் 21

நிராகரித்துவிட்டார்கள். சித்ரகலா உத்தரவை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி உடுப்போடு வந்தாள். இலை வாசனை வீடு பூராவும் பரவியது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தேன்.

'...பட்டியலிடப்பட்ட கட்டடத்திலிருந்து இருபத்திரண்டு மீட்டரில் உத்தேசிக்கப்பட்டுள்ள புதிய கட்டுமானம் என்பதாலும், மேற்படி இடத்தில் முன்னர் கட்டடம் இருந்ததற்கான சான்று ஏதும் இணைக்கப்படவில்லை என்பதாலும்...'

"சான்றுன்னா என்னங்க சார்?" என்றாள்.

"அதெல்லாம் சும்மா எழுதற வாசகம்மா. எல்லா உத்தரவுலயும் இருக்கும்."

அவள் அழவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்காரு" என்றாள்.

மேல்முறையீடு செய்யலாம், முப்பது நாள் அவகாசம் இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். என் காலைத் தொட வந்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 3

மேல்முறையீட்டுக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். முழங்கை வலி.

செப்டம்பர் 12

இந்திராணி கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நல்ல மனு அவசரத்தில் வராது.

செப்டம்பர் 21

மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் நேற்று.

செப்டம்பர் 22

மனுவைச் சுத்தப்பிரதி எடுத்துத் தனசேகர் கையில் கொடுத்தனுப்பினேன். நாலு பக்கம். படித்தால் கல்லும் கரையும். அவன் திரும்பி வந்து, நாள் தாண்டிவிட்டதாகச் சொல்லி வாங்க மறுத்துவிட்டார்கள் என்றான். இரண்டே இரண்டு நாளுக்காக இப்படிச் செய்யும் மனசாட்சியற்ற ஆட்களை என்ன சொல்வது? நான் வேலையில் இருந்தபோது இப்படி நடக்க விட்டிருக்க மாட்டேன். தனசேகரிடம் இதைச் சொன்னேன். அவனுக்கும் கோபம்தான்.

அடுத்த வருஷம் புதிதாக மனுப் போடலாம் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 9

ஐப்பசி பிறப்பதற்குள்ளேயே மழை பிடித்துவிட்டது. படிகளில் பாசி. தனசேகர் மேலிருந்து கீழ்வரை ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறான். குணசீலன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான்.

இறங்க பதினெட்டு. ஏற முப்பத்து நான்கு.

அக்டோபர் 23

இந்திராணி கண் ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவள் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருவாள். புறப்படும்போது, "கீழ ஒரு கண்ணு வெச்சுக்குங்க. அவன் தனியா இருக்கான்" என்றாள்.

நான் ஒரு கண் வைக்காத நாள் எது?

அக்டோபர் 27

இரவு முழுக்கக் கொட்டியது. காலையில் உப்புமா நானே கிளறினேன், அடி பிடித்துவிட்டது. பலகை பதிக்கும் விழாவுக்கு நன்றியுரை எழுத உட்கார்ந்தேன்.

9.40க்கு இறங்கினான். தலையில் பிளாஸ்டிக் சாக்கு. கயிறு நனைந்து கனத்துத் தொங்கியது.

10.05க்குக் கீழே போய்ச் சேர்ந்தான்.

அதற்குமேல் மூடுபனி ஏறிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை.

11 மணி சுமாருக்கு யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடைச் சத்தமும் மனிதக் குரல் மாதிரிதான் கேட்கும். ரேடியோவைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். நன்றியுரையில் இரண்டாவது பத்தி சரியாக வரவில்லை, மூன்று தடவை அடித்து எழுதினேன்.

மதியம் தயிர்சாதம். ஒரு மணி நேரம் தூங்கினேன். நாலு மணிக்கு டீ.

5.20க்குச் சித்ரகலாவின் குரல் கேட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே ஓடினேன்.

அக்டோபர் 28

குணசீலன் போய்விட்டான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். தலையில் சின்னக் காயம்தான், ஆறேழு மணி நேரம் மழையில் கிடந்த குளிரில்தான் உயிர் போனது என்று டாக்டர் சொன்னாராம். பதினாறாம் படிக்குப் பக்கவாட்டில், சரிவில் கிடந்தான். கயிற்றை விடவில்லை.

ஆட்கள் கூடியிருந்தார்கள். "ஏறும்போது வழுக்குச்சா, இறங்கும்போதான்னே தெரியலீங்க சார்" என்று தனசேகர் அழுதான்.

ஏறும்போதுதான். சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 30

மழை.

நவம்பர் 3

இந்திராணி வந்துவிட்டாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நேராகக் கீழே போய்ச் சித்ரகலாவோடு சாயங்காலம்வரை இருந்தாள். திரும்பி வந்து கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

"உரை எழுதிட்டிருந்தேன்."

"ஜன்னல் பக்கம் போகவே இல்லியா?"

"ஒரே மூடுபனி" என்றேன்.

பைனாகுலர் மேசைமேல் இருந்தது. அதை எடுத்து உறையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கொடுக்கவில்லை.

நவம்பர் 12

பலகை பதித்தாயிற்று. வெயில் அடித்தது, இந்த மாதத்தில் இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். அதிகாரிகள் நால்வர், ஃபோட்டோக்காரர் ஒருவர். சாப்பாட்டு ஜன்னலிலிருந்து பள்ளத்தாக்கைக் காட்டினேன். "கண்ணுக்கு உறுத்தலா ஒரு சின்னக் கட்டடம்கூட இல்ல சார்" என்று பெரிய அதிகாரி மெச்சினார். நன்றியுரையில் இரண்டாவது பத்திக்கு நல்ல கைதட்டல்.

ஆய்வுக்கு வந்த பெண்ணும் வந்திருந்தாள். "அந்த மனு என்னாச்சு சார், மேல்முறையீடு போட்டாங்களா?" என்றாள். நாள் தவறிவிட்டது, மனுதாரரும் இறந்துவிட்டார் என்றேன். அவள் விருந்தில் எதுவும் சாப்பிடாமல் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சபை மரியாதை போதாது.

நவம்பர் 23

சித்ரகலா வீட்டைப் பூட்டிக்கொண்டு காரமடையில் அவள் அக்காவிடம் போகிறாள். மதியம் சொல்லிக்கொள்ள வந்தாள். பின்னால் தனசேகர் ஒரு பெரிய கல்லைத் தோளில் சுமந்து வந்து வாசலில், பித்தளைப் பலகைக்குக் கீழே இறக்கினான்.

"அன்னிக்குப் பேத்ததுல இது ஒண்ணு மிச்சமுங்க சார். துணி தொவைக்க வெச்சிருந்தேன். ஒரே மாதிரிக் கல்லு, உங்க பாத்திக்கு ஆகும்" என்றாள்.

செதுக்கிய பலகைக்கல். நடுவில் நீள்வட்டமாக ஒரு துவாரம். இரண்டு பக்கமும் பாதம் வைக்க மேடு. நூறு வருஷத்தில் அந்த மேடு தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

இந்திராணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். புதுக் கண்.

"இது கக்கூஸ் கல்லுல்ல?" என்றாள்.

"அவரும் அதாம்மா சொன்னாரு" என்றாள் சித்ரகலா. "உத்தரவு வந்தன்னிக்கு அதை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் படிச்சாரு. அப்புறம் இந்தக் கல்லையே பாத்துக்கிட்டிருந்தாரு. 'கலா, இங்க முன்னாடியே ஒரு கக்கூஸ் இருந்திருக்குது. நம்ம பேத்தமே, அது பூரா அதோட அஸ்திவாரம். இதைத்தான் சான்றுங்கறாங்க. சார்கிட்டக் கேளு'ன்னாரு. நான்தான் சத்தம் போட்டேன். இருந்திருந்தா சாருக்குத் தெரியாமப் போயிருக்குமா, தெரிஞ்சா சொல்லாம இருப்பாரா, நமக்காக ராப்பகலா எழுதுற மனுசனைச் சந்தேகப்படுறியான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கல."

தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்குன்னு இங்க ஒத்தாசையா இருந்தது நீங்க ஒருத்தர்தான் சார். அவரும் கடைசிவரைக்கும் உங்களை நல்லாத்தான் சொல்லிட்டிருந்தாரு."

இந்தத் தடவை காலைத் தொட்டுவிட்டாள். தடுக்கக் கை வரவில்லை. அவள் கை சில்லென்று இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

அவர்கள் வளைவு திரும்பும்வரை இந்திராணி வாசலில் நின்றாள். பிறகு ரோஜாப் பாத்திக்குப் போனாள். கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். உள்ளே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பாவோட தகர உருளை எங்க?"

"எந்த உருளை?" என்றேன்.

அவள் பரணுக்கு ஏணி போட்டாள்.

நவம்பர் 24

காலையில் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்திருந்தது. நாலு மூலையிலும் நாலு டம்ளர். மேல்பாதி சுவர்ப் பக்கம், கீழ்ப்பாதி என் பக்கம். அந்தச் சிறு சதுரத்தின்மேல் என் தட்டு. மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி.

நூறு வருஷத்துத் தாள், சட்னி பட்டால் போய்விடும் என்று தட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். அவள் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள். மறுபடி நகர்த்தினேன். மறுபடி வைத்தாள்.

"இனிமே இதுதான் விரிப்பு. மூணு வேளைக்கும்" என்றாள்.

மத்தியானத்திலிருந்து கூடத்தில் வைத்துச் சாப்பிடுகிறேன் என்றேன்.

"இங்கயே சாப்பிடுங்க. ஜன்னலைப் பாத்துக்கிட்டு."

வீடு அவள் பெயரில் இருக்கிறது. மூன்று இட்லியையும் சாப்பிட்டு முடித்தேன்.